விதிமுறையை மீறினால் சிறையா? தானியங்கி அணுகல் குறித்து எங்கள் நிலைப்பாடு

லாகின் இல்லாமல் எவரும் திறந்து படிக்கக்கூடிய இணையப் பக்கத்தை ஒருவர் கண்ணால் படித்தாலும், தான் எழுதிய நிரலை விட்டுப் படிக்க வைத்தாலும் அது குற்றமாகக் கூடாது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'தானியங்கி முறையில் அணுகத் தடை' என்றொரு வரி இருப்பதால் மட்டும் இது மாறிவிடாது.

இந்தியாவில் இதை இப்போது சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவு. உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகினாலோ, தரவை இறக்கினாலோ, நகலெடுத்தாலோ இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. அதையே நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எது அனுமதி என்று சட்டம் விளக்கவில்லை. பயன்பாட்டு விதிமுறைகளை வைத்தே அனுமதியை அளந்தால், குற்றத்தின் எல்லையை வரைவது நாடாளுமன்றம் அல்ல, நிறுவனத்தின் வழக்கறிஞர். அவர் அதை இன்றிரவே திருத்தி எழுதலாம். நமக்குத் தெரியவும் வராது.

அமெரிக்கா இந்தச் சிக்கலில் பல ஆண்டுகள் உழன்றது. 1986-இல் வந்த அங்குள்ள கணினி மோசடிச் சட்டமும் 'அனுமதியின்றி' என்ற சொல்லில்தான் நிற்கிறது. வேலைவாய்ப்புத் தளங்கள் இன, பாலினப் பாகுபாடு காட்டுகின்றனவா என்று போலிக் கணக்குகள் வழியே சோதிக்க விரும்பிய ஆய்வாளர்கள், தங்கள் மீது வழக்கு பாயுமோ என்று அஞ்சி நீதிமன்றம் போனார்கள். விதிமுறை மீறல் மட்டுமே குற்றமாகாது என்று 2020-இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு வான் பியூரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தின் வீச்சைக் குறுக்கியது. கணினிப் பயன்பாட்டு விதியை மீறுவதெல்லாம் குற்றமென்றால் பல லட்சம் சாதாரண மக்கள் குற்றவாளிகளாவார்கள் என்பது நீதிபதி பாரெட் எழுதிய தீர்ப்பின் வாதங்களில் ஒன்று.

இதைக் கொண்டாடுவோர் வேலைத் தொடர்புத் தளமான லிங்க்ட்இன் தொடர்பான வழக்கையும் பார்க்க வேண்டும். அந்தத் தளத்தில் பொதுவில் உள்ள சுயவிவரங்களைத் திரட்டிய ஹைக்யூ நிறுவனத்துக்கு 2022 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆதரவாகப் பேசியது. அதே ஆண்டு நவம்பரில், லிங்க்ட்இனுடனான ஒப்பந்தத்தை ஹைக்யூ மீறியதாகக் கீழ் நீதிமன்றம் முடிவு செய்தது. சிறைக்கதவு மூடினாலும் ஒப்பந்தம் என்ற கதவு திறந்தே இருக்கிறது.

வணிகர்களுக்கிடையே அது இருக்கட்டும். ஆய்வுக்கும் இதழியலுக்கும் ஆவணக் காப்புக்கும் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பதிப்புரிமை நெறியாணை, ஆய்வு நிறுவனங்களின் தரவு அகழ்வைத் தடுக்கும் ஒப்பந்த விதிகள் செல்லாதவை என்கிறது. இங்கும் அதுவே வேண்டும்.

அதற்காக எதையும் எப்படியும் அள்ளலாம் என்பதல்ல எங்கள் கருத்து. பிறர் சர்வரைத் திணறடிக்கும் நிரலை நாங்கள் ஆதரிக்கவில்லை. எந்தப் பக்கங்களுக்கு நிரல் வர வேண்டாம் என்று தளங்கள் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு 1994 முதல் வழக்கத்தில் உள்ளது. நல்ல நிரல் அதை மதிக்கும். ஆனால் அது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. கடவுச்சொல்லை உடைத்து நுழைவது குற்றமாகவே நீடிக்கட்டும். ஒருவர் தானாகப் பொதுவில் வைத்த தகவலுக்கு இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. அந்த இடைவெளியில் மக்களின் முகங்களைத் திரட்டி விற்பதையும் எதிர்க்கிறோம்.

நாடாளுமன்றம் 43ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும்: தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லாத பொதுப் பக்கத்தை அணுகுவது, விதிமுறையில் என்ன எழுதியிருந்தாலும், அனுமதியற்ற அணுகல் ஆகாது. அரசுத் துறைகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தங்கள் தளங்களில் இத்தகைய தடை வரிகள் இருந்தால் அவற்றை இப்போதே நீக்கலாம்.