காலையை மட்டும் காணும் கடிகாரம்

ஆயர் ஈத்தாமை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றின் பெரட்டுக் களத்திலே விரல்ரேகைப் பொறியொன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்ட சிலர், “அடிமை விலங்கு!” என்று கூவுகின்றனர். செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நாம் அங்ஙனம் கூவோம். மண்டோருக்கு வேண்டாதவனின் முழுநாள், பேனா முனையில் அரைநாளான கதைகளை நாம் அறிவோம். பொறிக்கு உற்றாருமில்லை, பகைவருமில்லை.

ஆயினும் நிர்வாகத்தாரை ஒன்று கேட்கின்றோம். ஐந்து நிமிடம் பிந்தியவனைக் காட்டிக் கொடுக்கும் பொறி, மாலையில் குலை ஏற்றும் லாரிக்காக அவன் காத்துக் கிடந்த ஒரு மணியைக் காணாதது ஏன்? போகும் நேரத்தைப் பதிய வேண்டாமென்று உத்தரவாம்! 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பெற்று, 2023 ஜனவரி முதல் வார வேலை 48 மணியினின்று 45 ஆயிற்று. மிகுந்த மணிக்குக் கூலி ஒன்றரை மடங்கு. முடிவு நேரம் எழுதப்படாவிடின் மிகுந்த மணியை எங்ஙனம் எண்ணுவது? (1982இல் அரசாங்கம் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியபோதும், காலையும் மாலையும் சேர்ந்தே தள்ளப்பட்டன!)

வரவும் போக்கும் பதியப்படல் வேண்டும். தமிழர், இந்தோனேசியர், வங்கதேசத்தார் அவரவர் படிக்கும் மொழியில் மாதந்தோறும் அதன் நகல் கையிலே கொடுக்கப்படல் வேண்டும். அதுகாறும் அப்பொறி தரும் கணக்கின்கீழ்க் கிராணிகள் எவரும் கையெழுத்திடலாகாது.