முரசறையாத மாற்றம்

மணிமேகலையின் முதற்காதை விழாவறை காதை. புகார் நகரில் 28 நாள் நடைபெறும் இந்திர விழாவுக்கு முன்னர், வள்ளுவன் யானைப் பிடரியில் முரசேற்றி அறைகின்றான். விழா வருகின்றது என்று மட்டும் கூறி அவன் அமைவதில்லை. வீதியிற் புதுமணல் பரப்புவது வரை, எவையெவை மாறும் என்பதை ஒவ்வொன்றாய் எடுத்துரைக்கின்றான். பல்லாண்டுகளாக இக்காதையைப் பாடஞ் சொல்லிவரும் யான், அதன் பயனை ஒரு சிறுவனிடத்திலேதான் கற்றேன்.

அவன் ஓட்டிசம் என வழங்கும் வளர்ச்சி வேறுபாடு உடையவன். மண்டூர்த் துறையிற் பாதையேறிக் குருமண்வெளிக்கு வந்து பள்ளி சேர்பவன். (வாவியைக் கடக்கும் மிதவைக்கு எம்மவர் இட்ட பெயர் 'பாதை'.) மாரியில் ஒருநாள் பாதை ஓடவில்லை. தாய் அவனைப் பட்டிருப்புப் பாலத்தின் வழியே பேருந்திற் கொணர்ந்தாள். கூரை ஒழுகியமையால் யானும் அன்று வகுப்பை வேறிடத்துக்கு மாற்றியிருந்தேன். அவன் வாயிலிலேயே காதைப் பொத்திக்கொண்டு விழுந்து அலறினான். "அடம்" என்று கடிந்தேன். அச்சொல்லை எண்ண இன்றும் நாணுகின்றேன்.

லியோ கனர் எனும் மருத்துவர் 1943இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விரித்தெழுதியபோதே, எதுவும் மாறாதிருத்தல் வேண்டும் என்னும் அவர்தம் தவிப்பைச் சுட்டிக் காட்டினார். அது செருக்கன்று, அச்சம். அடுத்து நிகழ்வதை நாம் பிறர் முகத்தாலும் பேச்சாலும் குறிப்பாய் உணர்கின்றோம். அக்குறிப்பு எளிதில் எட்டாதவனுக்கு நேற்றைய ஒழுங்கே பற்றுக்கோடு.

ஆகவே குழந்தைக்கும் முரசறைதல் வேண்டும் என்கின்றேன். ஆனால் சொல் காற்றோடு போகும், படம் நிற்கும். வட கரோலினாவில் எரிக் ஷொப்ளர் முதலியோர் வளர்த்த முறையில், நாளின் நிகழ்ச்சிகள் படவரிசையாய்க் கண்முன் இருக்கும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அத்தாய் பழைய நாட்காட்டி அட்டையிற் பாதையும் பேருந்தும் வரைந்தாள். வானம் கறுத்த மாலைகளிற் பாதைப் படத்தைக் கழற்றி, பேருந்துப் படத்தை அவன் கையாலேயே வைப்பிப்பாள். வெயிலடித்த ஞாயிறொன்றில் அவ்வழியே அழைத்துச் சென்றும் காட்டினாள். யான் செய்தது சிறிதே: வகுப்பு எங்கு நடப்பினும் அவனது நாற்காலி உடன் செல்லும்.

"உலகம் இவனுக்காக முரசறையுமா? பழகட்டும்" என்பர் நம் ஆசிரியருட் சிலர். இடமாற்றக் கடிதம் திடீரென வந்தால் நாம் எத்தனை இரவு உறங்காதிருக்கின்றோம்! விளையாட்டுப் போட்டி ஒத்திகையும் பரிசளிப்பு விழாவும் நமக்கு முன்னரே தெரியும். தாயிடம் முதல்நாள் ஒரு வார்த்தை சொல்வதற்கென்ன? இரண்டொருமுறை பிள்ளை அலறிய பின், அவனை வீட்டோடு நிறுத்திவிட்ட தாயரை யானறிவேன்.

இவ்வாண்டு கண்ணகியம்மன் சடங்குக்குக் கதவு திறக்குமுன்னரே, அவன் அட்டையில் திறந்த கதவும் பறையும் இருந்தன. பறை முழங்கியபோது காதைப் பொத்தினான், ஓடவில்லை. பின்னர் என் விரலைப் பற்றி, குளுத்தி முடிந்து பள்ளிக்கு மீளும் நாளின் படத்தின்மேல் வைத்தான்.