ராடா, ரீலா?

ஆழ்கடலில் தூண்டில் போடக் கிளம்புபவர்கள் கடையில் முதலில் எடுத்து வளைத்துப் பார்ப்பது ராடைத்தான். பணமும் அதிலேயே போய்விடுகிறது. மிச்சத்துக்கு ஒரு ரீல்! இது தலைகீழ்க் கணக்கு.

அந்தமான் கடலில் கிடைக்கும் ஜயண்ட் ட்ரெவாலி எனும் பெரும் பாறை மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். கவ்வியதும் பவளப்பாறைக்குள் பாயப் பார்க்கும். அந்தச் சில நொடிகளில் அதை மடக்குவது ரீலில் இருக்கும் 'டிராக்' என்கிற பிரேக்தான். லைனின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக்கை வைப்பது பொதுக் கணக்கு. 80 பவுண்டு லைன் என்றால் 20 முதல் 27 பவுண்டு. மலிவு ரீலின் டிராக் சூடேறித் திக்கித் திக்கி ஓடினால் லைன் அறுந்துவிடும். வாயில் கொக்கியோடு மீன் போய்விடும். நஷ்டம் பிடிப்பவருக்கு மட்டுமா?

ராடில் பகட்டு வேண்டாம். அதில் அச்சிட்டிருக்கும் லைன் அளவு, ரீலில் சுற்றும் லைனோடு பொருந்தினால் போதும். ரீல் மட்டும் உப்புத்தண்ணீர் புகாதபடி சீல் செய்ததாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி வைத்தால் பல வருடம் உழைக்கும்.

பட்ஜெட்டில் பாதிக்கு மேல் ரீலுக்கு ஒதுக்குங்கள். மிச்சத்துக்கு ஒரு ராடு!