மாதம் 3,000 ரூபாய் மருந்துக்கே போகிறது... குறைக்க வழி உண்டா?

“மூணு ஏக்கர்ல தக்காளியும் ராகியும் போட்டிருக்கோம். அப்பாவுக்குச் சர்க்கரை, பி.பி. ரெண்டும் இருக்கு. அம்மாவுக்கு மூட்டுவலி, இடுப்புவலி. மருந்துக்கு மட்டும் மாசம் 3,000 ரூபாய் ஆகுது. தக்காளிக்கு விலை கிடைக்காத மாசத்துல, அப்பா மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டுக்கிறார். அம்மா, கடையில கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கிறாங்க. இந்தச் செலவைக் குறைக்க என்ன வழி?”

- வாசகர், மாரண்டஹள்ளி, தருமபுரி மாவட்டம்.

இந்தக் கேள்வியில் செலவுக் கணக்கைவிட அவசரமானது, ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்ற செய்திதான். ரத்த அழுத்தம் கூடினால் உடம்பு பெரும்பாலும் வெளியே சொல்லாது. 180 இருக்கும்போதும் ஒருவர் வழக்கம்போல வரப்பு வெட்டிக்கொண்டிருப்பார். ‘மாத்திரை போடாமலே நல்லாத்தானே இருக்கேன்’ என்று தோன்றும். உள்ளே சிறுநீரகமும், கண் நரம்பும், கால் நரம்பும் கெட்டுக்கொண்டிருக்கும். சிறுநீரகம் செயலிழந்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், அத்தனை நாள் கூலியும், கூடப்போகும் ஆளின் கூலியும், வண்டிச்செலவும் யார் தருவது? மாத்திரையின் எண்ணிக்கையைத் தொடாமல் அதன் விலையைக் குறைப்பதுதான் இந்தக் குடும்பம் செய்ய வேண்டியது.

முதல் வேலை, பெரியவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பது. மாத்திரையை விட்டுவிட்டுப் போட்ட விஷயத்தை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. மறைத்தால், ‘இந்த அளவு போதவில்லை’ என்று நினைத்து அவர் வீரியத்தைக் கூட்டி எழுதுவார். அதை ஒழுங்காகப் போட ஆரம்பித்ததும் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

இந்த இரண்டு நோய்க்குமான மாத்திரைகளை அரசு இலவசமாகவே தருகிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கப்பட்டது பக்கத்து மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி ஒன்றியத்திலுள்ள சாமனப்பள்ளி கிராமத்தில். சுகாதார நிலையத்தில் பரிசோதித்து, பதிவேட்டில் பெயர் சேர்ந்துவிட்டால், பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அளவு பார்த்து மாத்திரை கொடுப்பார். யாரும் வரவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுகாதார நிலையத்துக்கே போய்ப் பதிவு செய்து மாத்திரையை வாங்கிக்கொள்ளலாம். இந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் இருக்கிறது. வீட்டம்மாவின் மூட்டுக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

‘இனாம் மாத்திரையில் சத்து இருக்காது’ என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. அரசு மருத்துவமனைக்கு வரும் மருந்துகளை, 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக வாங்குகிறது. வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு விடுகிறார்கள். மொத்தமாக வாங்குவதால் விலை குறைவு. விளம்பரச் செலவு இல்லாததால் அட்டை பளபளப்பாக இருக்காது, அவ்வளவுதான்.

தனியார் மருத்துவரிடமே தொடர விரும்பினாலும் வழி இருக்கிறது. வாங்கும் மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மெட்ஃபார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன் என்று இருப்பதுதான் மருந்தின் பெயர். இந்தப் பெயரை வைத்து வாங்கினால் அதே மருந்து பெரும்பாலும் பாதி விலைக்கோ, அதற்கும் குறைவாகவோ கிடைக்கும். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் சில ஆண்டுகளாகவே இருக்கின்றன. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24-ல் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. பாலக்கோடு, தருமபுரி பக்கம் போகும்போது விசாரித்து வைத்துக்கொண்டால், ஒரே நடையில் இரண்டு மாத மருந்தை வாங்கி வந்துவிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு மாத்திரை 7 ரூபாய், நாளைக்கு இரண்டு என்றால் மாதம் 420 ரூபாய், வருடம் 5,000 ரூபாய்க்கு மேல். அதுவே 3 ரூபாய்க்குக் கிடைத்தால் வருடத்துக்கு மிச்சமாவது 2,900 ரூபாய் சொச்சம். மூன்று, நான்கு வகை மாத்திரை போடும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை.

மாற்றி வாங்கும்போது கவனிக்க வேண்டியது, மருந்தின் பெயரோடு அளவும் பொருந்துகிறதா என்பது. 500 மில்லிகிராம் எழுதியிருக்கும் இடத்தில் 1,000 வாங்கிவிடக் கூடாது. சில மாத்திரைகளில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கும். இரண்டுமே பொருந்த வேண்டும். தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை ஆகியவற்றில் மட்டும் கம்பெனியை மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். அளவில் சிறு வித்தியாசம் வந்தாலும் அவை உடம்பைப் பாதிக்கும்.

அடுத்தது வீட்டம்மாவின் வலி. சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். பத்து ரூபாயில் வலி அடங்குகிறது என்பது உண்மைதான். அதற்கான பெரிய செலவு சில வருடம் கழித்து வந்து நிற்கும்.

தருமபுரி மாவட்டத்தில் மூட்டுவலி, இடுப்புவலி என்றால் குடிக்கும் தண்ணீரையும் விசாரிக்க வேண்டும். இங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவது இதன் முதல் அடையாளம். பெரியவர்களுக்கு எலும்பிலும் மூட்டிலும் படிந்து, முதுகு விறைத்து, குனிய முடியாமல் ஆகிறது. இதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம், ‘ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்று பெயரிலேயே சேர்த்து, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. குழாய் வந்தும், ‘போர் தண்ணிதான் ருசி’ என்று அதையே குடிக்கும் வீடுகள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரை மாட்டுக்கொட்டகை கழுவவும், குளிக்கவும், துணிக்கும் வைத்துக்கொள்ளலாம். குடிக்கவும், சோறு பருப்பு வேகவைக்கவும் கூட்டுக்குடிநீரே வேண்டும். அது வராத நாட்களுக்காகக் குடிக்க, சமைக்க மட்டும் நான்கு குடம் பிடித்து மூடிவைத்தால் போதும்.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். மெழுகுவர்த்தி வடிவ வடிகட்டியாலும் பயனில்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது. எலும்பில் படிந்ததை எடுக்க மருந்து கிடையாது. தண்ணீரை மாற்றினால் மேலும் கெடாமல் நிற்கும். வீட்டில் விளையும் ராகியும், பாலும், கீரையும், நெல்லிக்காயும் நல்ல துணை. நாளைக்கு நாலைந்து தடவை கடுங்காப்பிக்குப் பதிலாகக் கறுப்பு டீ குடிப்பவர்கள் அதைக் குறைக்கலாம். தேயிலையிலும் ஃப்ளோரைடு இருக்கிறது. எல்லா மூட்டுவலிக்கும் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வயதாலும், உடல் எடையாலும், நாளெல்லாம் குனிந்து களை எடுப்பதாலும் வரும். அதனால் பாலக்கோடு அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டி, காரணம் தெரிந்துகொள்வது மேல்.

கடைசியாக, காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். மாதாமாதம் போடும் மாத்திரைக்கு இது உதவாது. படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்குத்தான், அதுவும் பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்தபின் அலைவதைவிட, களை எடுப்பும் காய் பறிப்பும் இல்லாத வாரத்தில் இதை முடித்துவைப்பது நல்லது.

மாரண்டஹள்ளியில் ரயில் ஏறினால் பெங்களூரு என்பதால், பெரிய நோய் என்றதும் அங்கே ஓடுகிறவர்கள் உண்டு. கிளம்புவதற்கு முன், அந்த மருத்துவமனையில், அந்தச் சிகிச்சைக்கு இந்த அட்டை செல்லுமா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட வேண்டும். திட்டத்தில் உள்ள மருத்துவமனை, அட்டையில் சேர்த்துக்கொண்டு அதே சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், அதைப் புகார் செய்யவும் இதே எண்தான்.