கப்பலுக்கு ஏற்ற விளக்கு எது?

சென்ற மாதம் நம் சங்கத்தின் குடும்ப விழா முடிந்து அனைவரும் கலையும் வேளையில், மாதுங்காவில் வாழும் அன்னையார் ஒருவர் நம்மை அணுகி ஒரு வினாவை எழுப்பினார். அவருடைய மகன் சரக்குக் கப்பல் ஒன்றில் இளம் பொறியாளனாகப் பணியாற்றுகிறான். "காகிதம் போன்ற மெல்லிய விளக்கு ஒன்று வந்திருக்கிறதாமே! கண்ணைக் கூசாதாம், சூடும் இல்லையாம். என் மகன் பகலென்றும் இரவென்றும் தெரியாமல் இயந்திர அறையில் காலம் கழிக்கிறான். அவன் கப்பலில் அந்த விளக்கைப் பொருத்த மாட்டார்களா?" என்று கேட்டார். மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம், கொல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களிலிருந்து கடற்பணிக்குச் சென்ற பிள்ளைகள் பலர். ஆதலின் அவ்வன்னையாருக்குக் கூறும் விடையை இப்பகுதியிலேயே எழுதுவது தகும் எனக் கருதினோம்.

அவர் குறிப்பிட்ட விளக்கின் பெயர் ஓ.எல்.இ.டி. என்பது. இன்று நம் இல்லங்களில் எரியும் எல்.இ.டி. விளக்கை நேயர்கள் அறிவர். ஒளி உமிழும் டையோடு என்பது அதன் பொருள். அதன் முன்னே நிற்கும் 'ஓ' என்னும் எழுத்து 'ஆர்கானிக்' என்ற சொல்லைக் குறிக்கும். காய்கறிக் கடைப் பலகைகளில் அச்சொல்லைக் கண்டு பழகியோர், இயற்கை உரமிட்டு விளைந்த விளக்கோ என்று எண்ணிவிட வேண்டா! வேதியியலில் அச்சொல் கரிமச் சேர்மங்களைச் சுட்டுவது. சாதாரண எல்.இ.டி.யில் ஒளிர்வது கடினமான படிகம். இப்புது விளக்கில் ஒளிர்வதோ கரிமச் சேர்மங்களாலான மெல்லிய படலம். வேறுபாடு அவ்வளவே. ஆயினும் அதிலிருந்து விளையும் நன்மையும் தொல்லையும் பல.

கண்ணாடித் தகடொன்றின்மேல் மின்சாரத்தைக் கடத்தவல்ல, ஒளி ஊடுருவக்கூடிய பூச்சு ஒன்றை இடுகின்றனர். அதன்மேல் கரிமப் படலங்கள் சில. அவற்றின்மேல் உலோகப் பூச்சு. கரிமப் படலங்கள் அனைத்தும் சேர்ந்தும் நம் தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரா. ஒருபுறமிருந்து எதிர்மின் துகள்களும் மறுபுறமிருந்து அவற்றுக்குரிய வெற்றிடங்களும் புகுந்து, நடுவே சந்திக்குமிடத்தில் ஒளி பிறக்கிறது. 1960-களில் ஆந்த்ரசீன் என்னும் கரிமப் படிகத்தை ஆராய்ந்தவர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் செலுத்தியே அதிலிருந்து ஒளியைப் பெற்றனர். 1987-இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்து விஞ்ஞானிகளான சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் மெல்லிய படலங்களை அடுக்கி, பத்து வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்திலேயே ஒளிரச் செய்து காட்டினர். 1990-களில் ஜப்பானின் யமகாதா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜுஞ்ஜி கிடோ அதே வழியில் வெண்ணிற ஒளியைப் பெற்றார். அதன் பின்னரே இது வீட்டுக்கும் நாட்டுக்கும் விளக்காகக் கூடும் என்ற நம்பிக்கை பிறந்தது.

அகல் விளக்கின் சுடர் ஒரு புள்ளி. முற்றத்து நிலவொளி ஒரு பரப்பு. எல்.இ.டி. முன்னதற்கு நிகர், ஓ.எல்.இ.டி. பின்னதற்கு நிகர். ஒளி ஓரிடத்தில் குவியாமல் தகடு முழுவதும் பரவி எழுவதால் கண் கூசுவதில்லை, கருநிழலும் விழுவதில்லை, வெப்பமும் பரந்துவிடுவதால் தகடு கையைச் சுடுவதில்லை. கப்பலின் தாழ்ந்த கூரையில் தலை இடிக்காத அளவுக்கு மெலிதாகப் பொருத்தலாம். அதன் ஒளியைச் சிறிது சிறிதாகக் குறைப்பதும் எளிது. காவல் முறை மாறி மாறி நள்ளிரவில் எழுவோருக்கும் விடியலில் உறங்குவோருக்கும் நீலம் குறைந்த இதமான ஒளி நலம் பயக்கும். அத்தகைய ஒளியைத் தருமாறு இவ்விளக்கை ஆக்க இயலும். இவையெல்லாம் அன்னையாரின் விருப்பத்துக்கு ஆதரவான செய்திகள்.

ஆழம் தெரியாமல் காலை விடலாகாது என்பர் நம் பெரியோர். கடலைப் பொறுத்தவரை அது இருமடங்கு உண்மை. எனவே மறுபக்கத்தையும் காண்போம்.

இவ்விளக்கின் முதற்பகை ஈரம். நீராவியும் பிராணவாயுவும் உட்புகுந்தால் கரிமப் படலமும் அதனை ஒட்டிய உலோகமும் கெட்டுக் கரும்புள்ளிகள் தோன்றி, நாளடைவில் அவை படர்ந்து ஒளியை விழுங்கும். இதனைத் தடுக்கும் உறை எத்துணை இறுக்கமாக இருத்தல் வேண்டும் தெரியுமா? ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீராவியே புகலாம் என்பது விஞ்ஞானிகள் வைத்திருக்கும் அளவுகோல். உப்புக் காற்றும் ஈரமும் இரவு பகலாகச் சூழ்ந்திருக்கும் கப்பலில், உறையில் மயிரிழை விரிசல் ஏற்பட்டாலும் விளக்கின் ஆயுள் முடிந்தது. வெப்பமும் இதற்கு ஆகாது. கப்பற் கருவிகளை வடிவமைப்போர் இயந்திர அறைக்கு 45 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கணக்கிற் கொள்வர். அத்தகைய அறைக்கு இதனைப் பரிந்துரைக்க நம் மனம் துணியவில்லை.

இரண்டாவது, மின்சாரச் செலவு. நல்ல எல்.இ.டி. விளக்கு இன்று ஒரு வாட்டுக்கு 150 லூமெனுக்கு மேலும் ஒளி தருகிறது. விற்பனைக்கு வந்த ஓ.எல்.இ.டி. தகடுகளோ பெரும்பாலும் நூற்றை எட்டவில்லை. விலையும் மிகுதி.

மூன்றாவது, பலரும் எண்ணிப் பாராதது. கப்பலின் ஆயுள் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள். பழுதான விளக்குக்கு மாற்று அவ்வளவு காலமும் கிடைத்தாக வேண்டும். இத்துறையிலோ பெரிய நிறுவனங்களே நிலைக்கவில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 2015-இல் தன் ஓ.எல்.இ.டி. விளக்குத் தொழிலின் முக்கியப் பகுதியை வேறொரு நிறுவனத்துக்கு விற்றது. எல்.ஜி. டிஸ்பிளே 2019-இல் இவ்விளக்குத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. கைப்பேசித் திரையிலும் தொலைக்காட்சியிலும் வெற்றி கண்ட இத்தொழில்நுட்பம், விளக்காக மட்டும் இன்னும் காலூன்றவில்லை.

இனி, கப்பலின் வெளிப்புறத்தில் எரியும் வழிகாட்டு விளக்குகளுக்கும் இது பொருந்தாது. 50 மீட்டருக்குக் குறையாத கப்பலின் பாய்மர விளக்கு 6 கடல் மைல் தொலைவிலும், பச்சையும் சிவப்புமான பக்க விளக்குகள் 3 கடல் மைல் தொலைவிலும் தெரிய வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதி. அவை குறித்த கோணத்துக்குள் மட்டுமே தெரிந்து, அதற்கு அப்பால் மறைந்துவிட வேண்டும். நாற்புறமும் மென்மையாகப் பரவும் ஒளிக்கு அவ்வேலை ஒவ்வாது.

அவ்வாறாயின் இவ்விளக்குக்குக் கப்பலில் இடமே இல்லையா? ஓரிடம் உண்டு என்று நாம் கருதுகிறோம். அது கூரையில் இல்லை, காலடியில் இருக்கிறது.

1990-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பின்னிரவில், நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் பிரடெரிக்ஸ்ஹாவனுக்குச் சென்றுகொண்டிருந்த 'ஸ்கேண்டினேவியன் ஸ்டார்' என்னும் பயணிகள் கப்பலில் தீப்பற்றியது. 159 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது தழல் அன்று, நச்சுப் புகை. புகை மேலே எழுந்து முதலில் கூரையை மூடும். கூரை விளக்கு எத்துணைப் பிரகாசமாக எரியினும் அப்போது பயன் தாராது. தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்பவன் கண்ணுக்கு வழி தெரிய வேண்டுமானால், விளக்கும் தரையை ஒட்டியே இருத்தல் வேண்டும்.

அத்துயரத்துக்குப் பின், கடலில் உயிர்க்காப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் தீத்தடுப்பு விதிகள் 1992-இல் திருத்தப்பெற்றன. முப்பத்தாறு பேருக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பல்களில், தப்பிச் செல்லும் வழி நெடுகிலும், தளத்திலிருந்து 300 மில்லி மீட்டருக்கு மேற்படாத உயரத்தில் ஒளிக்கோடு இருத்தல் வேண்டும் என விதி ஏற்பட்டது. அதனைச் சோதிக்கும் அளவுகளைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1993-இல் வகுத்தது. ஒளியை உண்டு இருளில் மினுங்கும் பட்டையாயின், ஒரு மணி நேரத்துக்குப் பின்னரும் சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலாவில் ஆயிரத்தில் இரண்டு பங்கேனும் ஒளிர வேண்டும். மின்சாரத்தால் ஒளிரும் பட்டையாயின், பத்து கேண்டெலா. இரண்டுக்கும் இடையே ஐயாயிரம் மடங்கு வேறுபாடு!

இங்கேதான் புது விளக்கின் குறையே அதற்குத் துணையாகிறது. ஓ.எல்.இ.டி. எவ்வளவு பிரகாசமாக எரிகிறதோ அவ்வளவு விரைவில் தேயும். அறைக்கு ஒளியூட்ட அது ஆயிரக்கணக்கான கேண்டெலா அளவில் எரிய வேண்டும். காலடிக் கோட்டுக்கோ பத்து போதும். மெல்ல எரிவதால் நெடுங்காலம் எரியும்; மின்சாரமும் சிறிதே செலவாகும். சுவரோடு சுவராகப் படிந்து, நடப்போர் காலில் இடறாமல் கிடக்கும். கடற்காற்று நேரே தாக்காத உட்புற வழியாதலின் ஈரத்தின் கொடுமையும் ஓரளவு தணியும். ஓடும் வண்டியின் அதிர்வை இது தாங்கும் என்பதை, 2016-இல் ஜெர்மானிய மோட்டார் வண்டிகள் சிலவற்றில் பின்விளக்காக அமைந்து காட்டியிருக்கிறது.

எனினும், மின்கம்பி அறுந்தால் விளக்கும் அணையும். மினுங்கும் பட்டைக்கோ கம்பியே வேண்டா. ஆகவே ஒன்றை நீக்கி மற்றொன்றை வைப்பதைவிட, இரண்டையும் அருகருகே வைப்பதே அறிவுடைமை. அதனோடு, 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவற்படை விடுத்த எச்சரிக்கை ஒன்றையும் மறத்தல் கூடாது. எல்.இ.டி. விளக்குகள் சில, கப்பலின் வானொலித் தொடர்பில் இடையூறு விளைத்ததை அது சுட்டிக்காட்டியது. அத்தகைய இடையூறு மின்சாரத்தை மாற்றித் தரும் கருவியிலிருந்தும் எழக்கூடுமாதலின், புது விளக்கும் அச்சோதனைக்குத் தப்பியதன்று.

அன்னையாருக்கு நாம் கூறும் விடை இதுவே. இயந்திர அறைக்கு இன்றைய நல்ல எல்.இ.டி.யே போதும். உறங்கும் அறையில் ஓ.எல்.இ.டி. கிடைப்பின் நன்று, கிடைக்காவிடினும் பெருங்குறையில்லை. காலடிக் கோட்டை மட்டும் சிறிதென்று எண்ணற்க. தங்கள் மகன் செல்வது சரக்குக் கப்பல். மேற்கூறிய காலடி விளக்கு விதி அதனைக் கட்டுப்படுத்தாது. நடைவழிகளிலும் படிகளிலும் 18 மணி நேரம் எரியக்கூடிய அவசர விளக்குகள் அங்கே உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் தலைக்கு மேலேதான் இருக்கும்.

ஆதலின் அடுத்த முறை அவன் தொலைபேசியில் அழைக்கும்போது, உணவையும் உறக்கத்தையும் வினவிய பின் இதனையும் கேளுங்கள்: "உன் அறையிலிருந்து மேல்தளம் வரை, கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடியே போய்ப் பார்த்திருக்கிறாயா? வழியில் எத்தனை கதவுகள்? எத்தனை படிகள்?" இல்லை என்பானாயின், அன்றே ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த விளக்கு வந்தாலும் வராவிட்டாலும், இருளில் அவனுக்கு வழிகாட்டப் போவது அந்தப் பழக்கமே.