நூலகங்கள் கைகோக்கும்போது தலித் இதழ்கள் எங்கே நிற்கின்றன?

சென்னை காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கு நினைவு மண்டபம் உண்டு. 2023 டிசம்பரில் அதே வளாகத்தில் அயோத்திதாசப் பண்டிதருக்கும் மணிமண்டபம் திறக்கப்பட்டது. இருவரும் தலைவர்கள் மட்டுமல்லர், இதழாசிரியர்கள். சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பண்டிதர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, பின்னர் ‘தமிழன்’ என்ற பெயரில் தம் இறுதிக்காலம் வரை நடத்தினார். அந்த மண்டபங்களுக்கு அருகிலேயே, கோட்டூர்புரத்தில், ஒன்பது தளங்களுடன் அண்ணா நூற்றாண்டு நூலகம் நிற்கிறது. தமிழ் மின்நூலகத்தை நடத்தும் தமிழ் இணையக் கல்விக்கழகம் காந்தி மண்டபம் சாலையிலேயே இயங்குகிறது. நினைவிடத்தில் மாலை அணிவிக்கும் சமூகம் எழுப்ப வேண்டிய வினா ஒன்று உள்ளது: அவர்கள் அச்சிட்ட எழுத்தைத் திருவாரூரிலோ தருமபுரியிலோ பயிலும் ஒரு மாணவி எவ்வழியில் படிப்பது?

இவ்வினாவுக்கு எந்தத் தனி நூலகமும் விடை தர இயலாது. தலித் அச்சு மரபு ஓரிடத்தில் இல்லை. ‘தமிழன்’ 1926இல் மீண்டும் வெளிவந்தது சென்னையில் அன்று, கோலார் தங்கவயலில். தொடக்ககால இதழ்கள் பலவற்றின் படிகளே கிடைப்பதில்லை. அன்றைய ஆங்கிலேய அரசு சுதேசி இதழ்களைக் கண்காணிப்பதற்காக ஆங்கிலத்தில் தொகுத்த அறிக்கைகளின் வாயிலாகவே அவற்றின் உள்ளடக்கத்தை ஆய்வாளர்கள் ஓரளவு அறிய முடிகிறது. ஒடுக்கப்பட்டோரின் சொந்தக் குரல், அவர்களைக் கண்காணித்தவரின் மொழிபெயர்ப்பில் எஞ்சியிருப்பது எத்தகைய இழப்பு! 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய ‘சூரியோதயம் முதல் உதய சூரியன் வரை’ என்னும் நூல், இந்த மரபின் நீளத்தையும் சிதறலையும் ஒருங்கே காட்டுகிறது. ஞான அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகே பண்டிதரின் எழுத்து பரவலான வாசிப்புக்கு வந்தது. எண்பத்தைந்து ஆண்டு மௌனத்தை உடைத்தது தனிமனித உழைப்பும் ஒரு கல்லூரி ஆய்வு மையமும்தான்.

நூலகங்கள் இணையவழியில் ஒத்துழைப்பது இன்று மூன்று வகைகளில் நடைபெறுகிறது. முதலாவது, நூல்களை ஸ்கேன் செய்து பகிர்தல். இரண்டாவது, பல நூலகங்களின் நூற்பட்டியலை ஒன்றிணைத்தல். மூன்றாவது, விலைமிகுந்த ஆய்விதழ்களுக்குக் கூட்டாகச் சந்தா செலுத்துதல். மூன்றுமே தேவையானவை. மூன்றிலும் வாயில்கள் உள்ளன, வாயிற்காவலரும் உள்ளனர்.

ஸ்கேன் பணிக்கு நல்ல முன்னுதாரணங்கள் அருகிலேயே இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தனியார் சேகரிப்பு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் 1994இல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தரமணியில் இயங்குகிறது. தனியொருவர் திரட்டிய நூல்களுக்கு உலகத் தரத்திலான பாதுகாப்புக் கிடைத்தது போற்றத்தக்கது. ஈழத்திலோ, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட நினைவைச் சுமக்கும் சமூகம் 2005இல் நூலகம் என்னும் இணையத் திட்டத்தைத் தொடங்கிற்று. பெரும் நிறுவனத்துக்குக் காத்திராமல் தன்னார்வலர்களே சிற்றிதழ்களையும் சிறுவெளியீடுகளையும் சேகரித்து, எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு பதிவேற்றினர். சேரிகளின் அம்பேத்கர் படிப்பகங்களில் கிடக்கும் மாநாட்டு மலர்களுக்கும் துண்டறிக்கைகளுக்கும் இவ்வழியே பொருந்தும்.

சட்டமும் இதற்குத் தடையாக இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் அவருடைய எழுத்து பொதுச்சொத்து ஆகிறது. 1914இல் மறைந்த அயோத்திதாசர், 1943இல் மறைந்த எம்.சி. ராஜா, 1945இல் மறைந்த இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் எழுத்துகள் எப்போதோ அந்நிலையை அடைந்துவிட்டன. அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களும் 2017 முதல் அவ்வாறே. பதிப்புரிமை எஞ்சியுள்ள நூல்களையும், வணிக நோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப்படி இருக்குமாயின் பாதுகாப்பின் பொருட்டு மின்வடிவில் சேமித்துவைக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. ஆகவே, தடை சட்டத்தில் இல்லை; எதை முதலில் ஸ்கேன் செய்வது என்று முடிவெடுப்போரின் முன்னுரிமையில் இருக்கிறது.

நூற்பட்டியலில் இருக்கும் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘தலித்’ என்று தேடும் மாணவருக்கு 1893ஆம் ஆண்டின் இதழ் அகப்படாது. அன்று நம் முன்னோர் தம்மைப் பறையர், பஞ்சமர், ஆதிதிராவிடர், பூர்வ பௌத்தர் எனப் பல பெயர்களால் குறித்தனர். ‘தமிழன்’ இதழைச் ‘சமயம்’ என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஒரு பட்டியலாளர் வைத்துவிட்டால், சாதி ஒழிப்பின் வரலாற்றைத் தேடுவோர் கண்ணுக்கு அது மறைந்துபோகும். ஒரு நூலகம் செய்யும் இத்தகைய வகைப்படுத்தல், பட்டியல்கள் இணையும்போது எல்லா நூலகங்களுக்கும் பரவும். எனவே பெயர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் சொல்லடைவை உருவாக்கும் குழுவில், இம்மரபை ஆய்ந்த தலித் அறிஞர்கள் முடிவெடுக்கும் இடத்தில் அமர வேண்டும்.

கூட்டுச் சந்தாவில் இருப்பது கடவுச்சொல்லின் அரசியல். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், பயன்பெறுவோர் 6,300 அரசு உயர்கல்வி மற்றும் ஆய்வு நிறுவனங்கள். அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பயன் தரும். ஆனால், சுயநிதிக் கல்லூரியில் உதவித்தொகையை நம்பிப் படிப்பவருக்கும், பட்டம் முடித்துப் போட்டித் தேர்வுக்காக அண்ணா நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு அமர்ந்திருப்பவருக்கும், எந்த நிறுவனத்தையும் சாராத களப்பணியாளருக்கும் இதில் நுழைவதற்கு நிறுவன அடையாளம் இல்லை. பொது நூலகங்கள் வாயிலாக அனைவருக்கும் அணுக்கம் தருவது இத்திட்டத்தின் மூன்றாம் கட்டமாகச் சொல்லப்பட்டுள்ளது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கப்படும் அறிவு மக்களை அடைவது இறுதிக் கட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுவது ஏன்? அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் உடனடியாக அதன் அணுகுமையங்களாக்குமாறு தமிழ்நாடு அரசு வற்புறுத்த வேண்டும்.

நிதி இல்லை என்ற பதிலை ஏற்க இயலாது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி, சொத்துவரியுடன் நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் வாடகைக்குள்ளும் சேரி வீட்டின் ரசீதுக்குள்ளும் வரிச்சுமை ஒளிந்திருக்கிறது. உள்ளாட்சிகள் அவ்வரியை முறையாக நூலக ஆணைக்குழுக்களுக்குச் செலுத்தினால் போதும். பட்டியல் சாதியினர் துணைத்திட்ட நிதியைத் திருப்பிவிட்டு இப்பணியைச் செய்யும் எண்ணம் எவருக்கும் வரக் கூடாது. இது பொது நூலகத்துறையின் பொதுக்கடமை.

அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. தலித் இதழ்களுக்கும் வெளியீடுகளுக்கும் தனித் திரட்டு ஒன்றை அண்ணா நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இணைந்து உருவாக்க வேண்டும். கன்னிமாரா, ரோஜா முத்தையா, அடையாறு நூலகங்களுடனும் கோலார் தங்கவயலின் சேகரிப்பாளர்களுடனும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அவ்வொப்பந்தத்தில் மூலப்படி உரியவரிடமே இருக்கும், மின்படி மட்டுமே பெறப்படும், கொடுத்தவர் பெயர் பதிவாகும் என்ற உறுதிகள் வேண்டும். திரட்டைத் திறக்கக் கடவுச்சொல் கூடாது. தமிழகத்தின் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்களில், இணைய இணைப்பு வலுவற்ற ஊர்களுக்கு இறக்கிவைத்த படிகள் சென்றுசேர வேண்டும்.

2011இல் அண்ணா நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கும் அரசின் முடிவு அறிவிக்கப்பட்டபோது, வாசகர்களின் எதிர்ப்பும் உயர் நீதிமன்றத்தின் தடையும் அதைக் காத்தன. கட்டடத்தைக் காத்த அதே விழிப்பு, அதனுள் எவருடைய எழுத்து சேர்கிறது என்பதிலும் வேண்டும். மாணவத் தோழர்கள் அரசாணைக்குக் காத்திராமல் இப்போதே தொடங்கலாம். ஊர்ப் படிப்பகத்திலும் மூத்த தோழர்களின் பரண்களிலும் உள்ள இதழ்கள், மலர்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றின் பெயர், ஆண்டு, அச்சகம், வைத்திருப்பவர் இசைவு என நான்கு விவரங்களைக் குறித்த பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். ஒப்பந்தம் பேசும் நாளில் நம் கையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம் அதுவே.