அடிக்காதீங்க... அது குளவி இல்லை!

வசந்தம் வந்தால் ஐரோப்பியத் தோட்டங்களுக்குத் தெற்கிலிருந்து இரண்டு பூச்சிகள் பறந்து வரும். ஒன்று, சஹாராவையே தாண்டும் 'பெயின்டட் லேடி' வண்ணத்துப்பூச்சி. இன்னொன்று, ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள 'மார்மலேட் ஹோவர்ஃப்ளை' ஈ.

வண்ணத்துப்பூச்சிக்கு நான்கு இறக்கைகள். ஈக்கு இரண்டே இரண்டு. ஆரஞ்சு, கறுப்புப் பட்டைகளைப் பார்த்து, குளவி என்று அடித்துவிடுபவர்கள் உண்டு. ஆனால், இதற்குக் கொடுக்கே கிடையாது!

இரண்டுமே தேன் குடித்து மகரந்தம் பரப்புகின்றன. வித்தியாசம் புழுப் பருவத்தில்தான். வண்ணத்துப்பூச்சியின் புழு முட்செடி இலைகளைத் தின்னும். ஈயின் புழுவோ, பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிகளை நூற்றுக்கணக்கில் தின்று தீர்க்கும்.

தெற்கு பிரிட்டனுக்கு ஆண்டுதோறும் 400 கோடி ஹோவர்ஃப்ளைகள் வரை வந்துபோவதாக 2019-ல் வெளியான ரேடார் ஆய்வு சொல்கிறது. அசுவினிக்கு அடிக்கும் பூச்சிமருந்து, சம்பளம் வாங்காமல் உழைக்கும் இந்தப் புழுவையும் சேர்த்தே கொன்றுவிடுகிறது.